அந்தக் கண்ணைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டாம்

சூப்பர்ஹீரோ படங்களின் அடுத்தடுத்த பாகங்களைத் தீர்மானிக்கும் தயாரிப்பாளர்களுக்கும், ஸ்டுடியோ நிர்வாகிகளுக்கும், கதைக் குழுவினருக்கும்,

வணக்கம்.

'தோர்: ராக்னராக்' 2017 நவம்பரில் வந்தது. அக்கா மகனை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். அப்போது அவனுக்கு எட்டு வயது. கடைசிச் சண்டையில் வில்லியான அக்கா ஹெலா தோரின் வலது கண்ணைப் பறித்துவிடுகிறாள். சுத்தியலை ஏற்கெனவே நொறுக்கிவிட்டாள். அவன் நாடான அஸ்கார்டும் எரிந்து போகிறது. அப்பா ஓடினைப் போலவே ஒற்றைக் கண்ணோடு, மிஞ்சிய மக்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு தோர் கிளம்புகிறான். வீட்டுக்கு வந்ததும் பையன் காகிதத்தை எடுத்துக்கொண்டு வரைய உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவன் வரைந்த ஒவ்வொரு தோருக்கும் வலது கண்ணில் கறுப்புப் பட்டை இருந்தது. ஒரு தடவை அவசரத்தில் இடது கண்ணில் போட்டுவிட்டு, ரப்பரால் அழித்துத் திருத்தினான்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2018 ஏப்ரலில் 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்'. பயணத்தின் நடுவே ராக்கெட் என்ற பேசும் ரக்கூன் ஒரு செயற்கைக் கண்ணை எடுத்து நீட்டுகிறது, தோர் அதைப் பொருத்திக்கொள்கிறான், ஒரு சிரிப்போடு காட்சி நகர்ந்துவிடுகிறது. இருட்டில் பையன் என் காதருகே வந்து கேட்டான்: "மாமா, கண்ணு திரும்பக் கிடைச்சிருச்சு. அப்ப அன்னிக்குப் போனது சும்மாவா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள் என்பதால்தான் இந்த மடல்.

அது மோசமான படம் என்று சொல்ல வரவில்லை. எனக்கு மிகவும் பிடித்த படங்களில் ஒன்று. ஆனால் ஒரு நல்ல படத்துக்குள் சில நொடிகளில் நடந்து முடிகிற இந்தக் காரியம்தான், மோசமான தொடர்ச்சிகளில் முழுப் படமாகவே விரிகிறது. முந்தைய பாகத்தில் நாயகன் எதைக் கொடுத்து ஜெயித்தானோ, அதை அடுத்த பாகம் சத்தமில்லாமல் அவன் கையிலேயே திருப்பி வைத்துவிடுகிறது. அவன் கொடுத்தபோது கூடவே அழுதவர்கள் நாங்கள். எங்களுக்கு அது மறப்பதில்லை.

ஒரு தொடர்ச்சி தோற்றதும் உடனே சொல்லப்படும் காரணம், மக்களுக்கு சூப்பர்ஹீரோ படங்கள் சலித்துவிட்டன என்பது. 2023-ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். ஒரே ஆண்டு, மார்வெல் என்ற ஒரே ஸ்டுடியோ. பிப்ரவரியில் 'ஆன்ட்-மேன் அண்ட் த வாஸ்ப்: குவான்டமேனியா', உலக வசூல் சுமார் 47 கோடி டாலர். மே மாதம் 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி'யின் மூன்றாம் பாகம், சுமார் 84 கோடி டாலர். நவம்பரில் 'த மார்வெல்ஸ்', 20 கோடியைச் சற்றுத் தாண்டி நின்றுவிட்டது. பிப்ரவரியில் வந்த சலிப்பு மே மாதம் தீர்ந்து, நவம்பரில் மறுபடி வந்திருக்காது. 'த மார்வெல்ஸ்' வெளியாவதற்கு முந்தைய நாள் வரை நடிகர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள், படத்தைப் பற்றிப் பேசக்கூட முடியவில்லை என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் மற்ற இரண்டு படங்களுக்கும் இடையே உள்ள தூரத்துக்குச் சலிப்பு என்ற ஒரு சொல் போதாது.

'கார்டியன்ஸ்' மூன்றாம் பாகத்தில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். நாயகன் க்வில்லின் காதலி கமோரா 'இன்ஃபினிட்டி வார்' படத்திலேயே இறந்துவிட்டாள். பிறகு வந்தவள் வேறொரு காலத்திலிருந்து வந்த கமோரா. முகம் அதேதான், க்வில்லைக் காதலித்த ஞாபகம் மட்டும் கிடையாது. அவன் பழசைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறான். அவள் கேட்டுக்கொள்கிறாள், கடைசியில் கொஞ்சம் கனிவோடுகூடப் பேசுகிறாள், ஆனால் தன் கூட்டத்தோடு போய்விடுகிறாள். இருவரையும் சேர்த்து வைக்க அந்தப் படத்துக்கு எல்லா வசதியும் இருந்தது. சேர்த்து வைக்கவில்லை. போனவள் போனவள்தான் என்று அந்தப் படம் உறுதியாக நின்றது. அந்த உறுதிக்காகவே நான் இரண்டாவது முறை போனேன்.

முதல் பாகத்துக்கு ஒரு சௌகரியம் உண்டு. சாதாரண ஆள் ஒருவன் வேறொருவனாக மாறுவதே அங்கே கதை. இரண்டாம் பாகம் தொடங்கும்போது அந்த மாற்றம் முடிந்துவிட்டது. உடை தைத்தாயிற்று, பெயர் வைத்தாயிற்று, ஊருக்கும் தெரிந்தாயிற்று. இனி என்ன? இந்தக் கேள்விக்கு 2004-ல் சாம் ரைமி 'ஸ்பைடர்-மேன் 2' படத்தில் சொன்ன பதிலை மிஞ்ச இன்றுவரை எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

2002-ல் வந்த முதல் படம் கல்லறையில் முடிகிறது. மேரி ஜேன் தன் காதலைச் சொல்கிறாள், ஸ்பைடர்-மேனான பீட்டர் நட்பை மட்டும் கொடுத்துவிட்டு நடந்து போகிறான். இரண்டாம் படம் திறப்பதே விளம்பரப் பலகையில் இருக்கும் அவள் முகத்தில்தான். எதை விட்டுவிட்டு வந்தானோ அது ஊர் நடுவே பெரிதாக நிற்கிறது, அவன் அதன் கீழே நின்று பார்த்துவிட்டு பீட்சா கொண்டுபோக ஓட வேண்டியிருக்கிறது. வேலை போகிறது. வாடகை பாக்கி. அவள் நாடகத்துக்கு நேரத்துக்குப் போக முடியவில்லை. கடைசியில் உடம்பே ஒத்துழைக்க மறுக்கிறது, நடுவானில் வலை வராமல் விழுகிறான். வில்லன் இல்லாத காட்சிகளிலேயே அவன் தோற்றுக்கொண்டிருக்கிறான்.

அதிலும் ஒரு காட்சி. மேஜையில் எதிரெதிரே பீட்டரும் அவனை வளர்த்த மே ஆன்ட்டியும். அவள் கணவர் பென் அங்கிள் சாவுக்குத் தானே காரணம் என்று அவன் சொல்கிறான்: அன்றைக்குத் திருடன் ஓடும்போது பிடித்திருக்கலாம், பிடிக்கவில்லை, அவன்தான் அங்கிளைக் கொன்றான். மே ஆன்ட்டி அவன் கையிலிருந்து தன் கையை இழுத்துக்கொள்கிறாள். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறாள். எந்தக் கட்டடமும் இடியவில்லை. இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த எத்தனையோ நகர அழிவுகளைவிட அந்தக் கை விலகியது பெரிய சத்தமாகக் கேட்டது.

2007-ல் மூன்றாம் பாகம். சாண்ட்மேன், வெனம், ஹாரி என்று மூன்று எதிரிகள். கூட்டம் அதிகம் என்று எல்லோரும் குறை சொன்னார்கள், வெனம் ரைமியின் விருப்பம் இல்லை என்பதும் பிறகு தெரிந்தது. எனக்கு வலித்த இடம் வேறு. பென் அங்கிளைச் சுட்டது அந்தத் திருடன் இல்லையாம், அவனோடு வந்த ஃப்ளின்ட் மார்க்கோவாம், அதுவும் கை தவறிச் சுட்டதாம். இந்த ஒரு மாற்றத்தில் மே ஆன்ட்டி விலக்கிய கைக்கு என்ன அர்த்தம் மிஞ்சும்? ஒரு பையன் தான் செய்யாமல் விட்ட ஒரு காரியத்தைச் சுமந்துகொண்டு இரண்டு படம் முழுக்க நடந்தான். அந்தச் சுமையின் பாதியை அவனைக் கேட்காமலே இறக்கி வைத்துவிட்டீர்கள். மன்னிப்பைப் பற்றிச் சொல்ல விரும்பினீர்கள் என்று புரிகிறது. ஆனால் மன்னிப்பு பெரிதாகத் தெரிய வேண்டுமானால் குற்றம் முழுதாக இருக்க வேண்டும். படம் கிட்டத்தட்ட 90 கோடி டாலர் வசூல் செய்தது. அப்படியும் நான்காம் பாகம் வரவில்லை, 2012-ல் வேறொரு நடிகரோடு முதலிலிருந்து தொடங்கினார்கள்.

இது புதிதாக வந்த பழக்கமும் இல்லை. 1980-ல் 'சூப்பர்மேன் 2'. காதலி லோயிஸுக்கு அவன் யார் என்ற உண்மை தெரிகிறது, அவளுக்காக அவன் தன் சக்தியையே துறக்கிறான், உணவகத்தில் ஒரு முரடனிடம் அடிவாங்கி, வாயில் வழிந்த தன் ரத்தத்தை முதல்முறையாகப் பார்க்கிறான். கிறிஸ்டோஃபர் ரீவின் முகம் அந்த இடத்தில் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முடிவில் ஒரு முத்தம், லோயிஸின் ஞாபகம் எல்லாம் அழிந்துவிடுகிறது. பாதியில் மாற்றப்பட்ட முதல் இயக்குநர் ரிச்சர்ட் டானரின் பதிப்பு 2006-ல் வெளியானது. ஆவலோடு பார்த்தேன். அதில் முத்தத்துக்குப் பதில் காலமே பின்னால் சுழல்கிறது. எந்த வழியில் போனாலும் இரண்டு பேரும் தொடங்கிய இடத்திலேயே நிறுத்தப்படுகிறார்கள். 1987-ல் வந்த நான்காம் பாகம் பணப் பற்றாக்குறையில் எடுக்கப்பட்டது, அவன் பறந்து வரும் ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அதற்குப் பிறகு அடுத்த சூப்பர்மேன் படத்துக்கு 19 ஆண்டுகள் ஆயின. பேட்மேனுக்கும் 1997-க்குப் பிறகு 8 ஆண்டு இடைவெளி விழுந்தது, அங்கே பொம்மை விற்பனையே கதையை நடத்தியது.

'குவான்டமேனியா'வைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் 2015-ல் வந்த முதல் 'ஆன்ட்-மேன்' மேல் எனக்குத் தனிப் பாசம். கிளைமாக்ஸ் நடப்பது ஒரு சிறுமியின் அறையில். தண்டவாளத்தில் இரண்டு பேர் உயிரைக் கொடுத்துச் சண்டை போடுகிறார்கள், ரயில் இடிபோல் பாய்ந்து வருகிறது, மோதுகிறது. சட்டென்று கேமரா பின்னால் வந்தால், ஒரு பொம்மை ரயில் டக்கென்று சாய்ந்து விழுகிறது. அவ்வளவுதான். அளவு என்பதே அந்த நாயகனின் சக்தி, அந்தக் காட்சியில் பெரிதையும் சிறிதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தார்கள். மூன்றாம் பாகமான 'குவான்டமேனியா' கிட்டத்தட்ட முழுவதும் அணுவைவிடச் சிறிய குவான்டம் உலகத்தில். அங்கே அறை இல்லை, கட்டில் இல்லை, அளந்து பார்க்க நமக்குத் தெரிந்த பொருள் ஒன்றுகூட இல்லை. எறும்பாகச் சுருங்கினாலும் மலையாக வளர்ந்தாலும் பார்க்கிற கண்ணுக்கு ஒன்றுதான்.

இதையும் பொறுத்திருப்பேன். ஆன்ட்-மேனான ஸ்காட் மகளோடு இருக்க முடியாமல் 5 ஆண்டுகளை இழந்தவன். 'எண்ட்கேம்' படத்தில், மறைந்துபோனவர்களின் பெயர் பொறித்த நினைவுக் கற்களில் மகள் பெயர் இருந்துவிடக் கூடாதே என்று தேடி, தன் பெயரைக் கண்டு நிற்பான். பிறகு கதவு திறக்கும், வளர்ந்துவிட்ட ஒரு பெண் நிற்பாள். ஒரு அப்பாவுக்கு இதைவிட என்ன கதை வேண்டும்? மூன்றாம் பாகம் அதைத் தொட்டுவிட்டு ஓடிவிட்டது. கடைசியில் அவன் திரும்ப முடியாமல் அங்கேயே நின்றுவிடுவான் என்று நெஞ்சு அடைக்கும் நேரத்தில், சில நிமிடங்களில் வாசல் மறுபடி திறந்து எல்லோரும் வீடு வந்து சேர்கிறார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு உங்கள் தரப்பு நிலைமையையும் யோசித்துப் பார்த்தேன். கதை எழுதும் முன்பே ரிலீஸ் தேதி போய்விடுகிறது. ஒரு படம் அடுத்த மூன்று படங்களுக்கு வழிவிட வேண்டியிருக்கிறது. அடுத்த படத்தில் ஒரு நாயகன் முழுசாக வேண்டும் என்றால் இந்தப் படத்தில் அவனைக் காயப்படுத்த முடியாது, காயப்பட்டிருந்தால் அவசரமாக ஆற்றியாக வேண்டும். மார்வெலின் தாய் நிறுவனமான டிஸ்னியின் அப்போதைய தலைமை நிர்வாகி பாப் ஐகரே 2023-ல் ஒப்புக்கொண்டார், எண்ணிக்கை கூடியதில் கவனம் நீர்த்துப்போனது என்று. அதே ஆண்டு செப்டம்பரில் மார்வெல் ஸ்டுடியோஸின் விஎஃப்எக்ஸ் (கணினிக் காட்சி வித்தை) பணியாளர்கள் தொழிற்சங்கம் அமைக்க ஒருமனதாக வாக்களித்தார்கள். கடைசி அரைமணி நேரத்தில் திரை முழுக்கத் தூசியும் ஒளியும் நிறையும்போது அந்தப் பணியாளர்கள் தூங்காத இரவுகள்தான் எனக்கு ஞாபகம் வருகின்றன. அவர்கள் வேலையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மாறிக்கொண்டே இருக்கும் கதைக்கு யார் வரைந்தாலும் அப்படித்தான் வரும்.

ஆனால் நெருக்கடியிலும் நேர்மையாக இருக்க வழி உண்டு என்று நீங்களே காட்டியிருக்கிறீர்கள். 2013-ல் 'அயர்ன் மேன் 3' முடியும்போது டோனி தன் கவசங்களை எல்லாம் வெடிக்கச் செய்கிறான், நெஞ்சிலிருந்த சில்லுகளை அறுவை செய்து எடுத்துவிடுகிறான். 2015-ல் 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' தொடங்கும்போதே கவசத்தில் பறந்து வருகிறான். கோபமாக வந்தது. அடுத்த ஆண்டு 'சிவில் வார்' படத்தில், காதலி பெப்பருக்காக எல்லாவற்றையும் அழித்தேன், பிறகும் நிறுத்த முடியவில்லை, நிறுத்த விருப்பமும் இல்லை என்று அவனே சொல்கிறான். அவள் விலகிப் போய்விட்டாள். இரண்டே வரி. கொடுத்த வாக்கை மீறியவன் என்ற பழியை அவன் ஏற்றுக்கொண்டதும் என் கோபம் போய்விட்டது. திருப்பிக் கொடுப்பதே கூடாது என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. திருப்பிக் கொடுத்தால் அதற்கும் ஒரு விலை இருக்கட்டும்.

'ஜோக்கர்' கதை இதில் சேராது, ஆனால் விட்டுவிடவும் மனமில்லை. 2019-ல் 100 கோடி டாலரைத் தாண்டிய படத்தின் தொடர்ச்சி 2024-ல் சுமார் 20 கோடியில் நின்றது. அங்கே இழந்தது எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஜோக்கராக மாறிய ஆர்தர் செய்த கொலைகளுக்கு வழக்கு நடக்கிறது, கணக்குத் துல்லியமாகக் கேட்கப்படுகிறது. துணிச்சலான யோசனை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவனோடு சேர்த்து எங்களையும் கூண்டில் நிறுத்தியதுபோல் பலருக்குப் பட்டது. முதல் படத்தை நேசித்ததே தப்பு என்று ஒரு படம் சொன்னால், அதைக் கேட்க யார் டிக்கெட் வாங்கி வருவார்கள்?

எங்கள் பக்கமும் தவறு உண்டு. எதையும் மாற்றக் கூடாது என்று கூச்சல் போடுகிறவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். படம் பார்க்கும் முன்பே ஒரு நடிகையை வசைபாடித் தீர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுக் கதை எழுதாதீர்கள் என்று நானே கெஞ்சிக் கேட்கிறேன். இறந்தவர்களைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பதும் பல நேரம் நாங்கள்தான். கேட்பதைக் கொடுப்பது அன்பு போலத் தோன்றும். அழுத குழந்தைக்கு உடனே புதுப் பொம்மை வாங்கிக் கொடுத்தால், பழைய பொம்மையை அது எவ்வளவு நேசித்தது என்பது அதற்கே தெரியாமல் போய்விடும்.

நீங்கள் எடுத்ததிலேயே மிக மோசமான ஏமாற்றம் ஒன்றும் மிகச் சிறந்த நிறைவேற்றம் ஒன்றும் ஒரே இழப்பிலிருந்து வந்தவை. 2014-ல் 'த அமேஸிங் ஸ்பைடர்-மேன் 2'. மணிக்கூண்டுக்குள் பீட்டரின் காதலி க்வென் விழுகிறாள். வலை நீண்டு போய் அவளைத் தொடுகிறது, பிடிக்கிறது, ஆனால் தாமதம். அரங்கில் யாரும் மூச்சு விடவில்லை. அதற்குப் பிறகு சில நிமிடங்கள்தான். கல்லறை அருகே பருவங்கள் மாறுகின்றன, ஒரு ரகசிய அறையில் வருங்கால வில்லன்களின் இறக்கைகளும் இயந்திரக் கைகளும் வரிசையாகக் காட்டப்படுகின்றன, ரைனோ என்ற வில்லன் வருகிறான், சண்டை தொடங்கும்போது படம் முடிகிறது. அந்த இறக்கைகளுக்காகத் திட்டமிட்ட படம் வரவே இல்லை. எங்கள் அழுகையை அவசரப்படுத்தி எதற்கு இடம் ஒதுக்கினீர்களோ, அது நடக்கவே இல்லை.

ஏழு ஆண்டுகள் கழித்து, 2021-ல் 'நோ வே ஹோம்'. வெவ்வேறு உலகங்களின் ஸ்பைடர்-மேன்கள் ஒன்றுசேரும் படம். அவர்களில் ஒருவனாக அதே பீட்டர், வயது ஏறிய முகத்தோடு. வேறொரு பீட்டரின் காதலி எம்.ஜே. உயரத்திலிருந்து விழுகிறாள். இவன் பாய்கிறான், இந்த முறை பிடித்துவிடுகிறான், தரையில் இறக்குகிறான். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கிறான், அவள் தலையசைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்து அதே கேள்வியை அவனிடம் கேட்கிறாள். பக்கத்து இருக்கையில் அக்கா மகன். பன்னிரண்டு வயது, அழுவதை மறைக்கத் தெரிந்த வயது. அன்றைக்கு மறைக்கவில்லை. க்வென் திரும்பி வரவில்லை. ஏழு ஆண்டுகள் அவள் போனவளாகவே இருந்ததால்தான் அந்த ஒரு பிடி அப்படி வந்து விழுந்தது.

அதே படத்தின் முடிவில், எம்.ஜே.யின் காதலனான இளைய பீட்டரை ஒரு மந்திரத்தால் உலகமே மறந்துவிடுகிறது. எம்.ஜே. வேலை செய்யும் கடைக்குப் போகிறான், எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று எழுதி எடுத்துக்கொண்டு. அவள் நெற்றியில் ஒட்டியிருக்கும் சிறிய பிளாஸ்திரியைப் பார்க்கிறான். தன்னால் வந்த காயம் என்று தெரியும். ஒன்றும் சொல்லாமல் காப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறான்.

அவனை வைத்து எத்தனை பாகம் வேண்டுமானாலும் எடுங்கள், அத்தனைக்கும் நாங்கள் இருவரும் வருவோம். அவள் ஞாபகத்தை ஒரு முத்தத்திலோ ஒரு மந்திரத்திலோ திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அவள் அவனை மறுபடி அறிந்துகொள்ள வேண்டுமென்றால், முன்பின் தெரியாத ஒருவனாக அவன் அந்தக் கடைக்குள் திரும்பப் போகட்டும், முதலிலிருந்து பேச்சுக் கொடுக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்